மூன்று பேர், டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை: ஜிம்மி ஜூஃப்ரியின் ‘வெஸ்டர்ன் சூட்’

கேள்வி: கூல் ஜாஸ் (அடக்கமான, நிதானமான ஜாஸ் பாணி) என்று தேடினால் மைல்ஸ் டேவிஸ், டேவ் புரூபெக், செட் பேக்கர் என்று அதே நாலைந்து ஆல்பங்களைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். அதிகம் பேசப்படாத, சின்னக் குழு வாசித்த ஒரே ஒரு ஆல்பத்தைச் சொல்லுங்கள். அதை ஏன் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்றும் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஒன்றே ஒன்று என்றால் எனக்கு யோசிக்கவே வேண்டாம். ஜிம்மி ஜூஃப்ரி மூவர் குழுவின் ‘வெஸ்டர்ன் சூட்’. 1958 டிசம்பரில் நியூயார்க்கில் பதிவாகி, 1960-ல் அட்லாண்டிக் நிறுவனம் வெளியிட்ட எல்பி. ஜூஃப்ரி கிளாரினெட்டும் டெனர், பாரிடோன் சாக்ஸபோன்களும் வாசிக்கிறார். பாப் புரூக்மேயர் வால்வ் டிராம்போன். ஜிம் ஹால் கிட்டார். அவ்வளவுதான் குழு. டிரம்ஸ் கிடையாது, டபுள் பேஸ் (நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய கீழ் ஸ்தாயித் தந்திக் கருவி) கிடையாது, பியானோவும் கிடையாது.

ஜாஸில் இது எவ்வளவு துணிச்சலான ஏற்பாடு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ஜாஸ் குழுவில் பேஸும் டிரம்ஸும் சேர்ந்து தரையைப் போட்டுக் கொடுக்கும். பேஸ்காரர் ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சின்னச் சுற்று) நாலு அடி நடந்துகொண்டே இருப்பார், டிரம்மர் சிம்பலில் அந்த நடைக்கு உயிர் கொடுப்பார், மற்றவர்கள் அதன் மேல் ஏறி நின்று சோலோ வாசிப்பார்கள். இந்த ஆல்பத்தில் அந்தத் தரையையே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஸ்விங், அதாவது ஜாஸுக்கே உரிய அந்தத் துள்ளல் நடை, போகவில்லை. காலம் காப்பது தனியாக ஒருவர் வேலை என்று இல்லாமல் போனதால் மூன்று பேரும் அதைக் கை மாற்றிக் கை மாற்றித் தூக்கிப் போகிறார்கள். நான் இந்த ஆல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்பது அந்தக் கைமாற்றத்துக்காகத்தான். நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்.

ஜூஃப்ரி இங்கே ஒரே நாளில் வந்து சேரவில்லை. 1921-ல் டெக்சஸ் மாநிலம் டாலஸில் பிறந்தவர். 1947-ல் வுடி ஹெர்மன் இசைக்குழுவுக்காக ‘ஃபோர் பிரதர்ஸ்’ எழுதியது இவர்தான். மூன்று டெனர், ஒரு பாரிடோன் என்று நாலு சாக்ஸபோன்களை நெருக்கமாகப் பின்னிய அந்த ஒலி அந்தக் குழுவின் முகவரியாகவே ஆனது. பெரிய குழுவுக்கு அப்படி எழுதத் தெரிந்த ஒருவர், அடுத்த பத்து வருடம் ஒவ்வொரு கருவியாகக் கழித்துக்கொண்டே போனார் என்பதுதான் ஆச்சரியம்.

கழிப்பது அப்போது காற்றிலேயே இருந்தது என்றும் சொல்லலாம். 1952-ல் ஜெர்ரி மல்லிகன் பியானோ இல்லாத நால்வர் குழுவை லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கினார். செட் பேக்கர் பெயர் பெற்றது அந்தக் குழுவில்தான். ஜூஃப்ரியும் அதே ஊர்ப்பக்கம்தான் இருந்தார், ஹெர்மோசா பீச் லைட்ஹவுஸ் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். 1954-ல் டிரம்மர் ஷெல்லி மான் ‘தி த்ரீ’ என்று ஒரு பதிவு செய்தார். டிரம்பெட்டில் ஷார்ட்டி ராஜர்ஸ், காற்றுக் கருவிகளில் ஜூஃப்ரி, டிரம்ஸில் மான். பேஸும் பியானோவும் இல்லை. மறு வருடம் ஜூஃப்ரி தன் பெயரில் ‘டேஞ்சன்ட்ஸ் இன் ஜாஸ்’ செய்தார். அதில் பேஸும் டிரம்ஸும் இருந்தன, ஆனால் தொடர்ந்து தட்டிக்கொண்டிருக்கும் வேலையை அவற்றிடமிருந்து எடுத்துவிட்டார். தாளம் கேட்கிறவர் மனசுக்குள் ஓட வேண்டும், அதை ஓயாமல் ஒலித்துக் காட்டத் தேவையில்லை என்பது அவர் வாதம். அன்றைக்கு ஜாஸில் இது கிட்டத்தட்ட மதவிரோதம்.

1956-ல் டிரம்ஸையும் பியானோவையும் விட்டுவிட்டு, ஜிம் ஹால், பேஸ்காரர் ரால்ஃப் பென்யா இருவரோடும் மூவர் குழு அமைத்தார். டெபுஸ்ஸி புல்லாங்குழல், வயோலா, ஹார்ப் மூன்றுக்கும் எழுதிய சொனாட்டாதான் இந்த அமைப்புக்குத் தூண்டுதல். அந்தக் குழுவின் ‘தி டிரெய்ன் அண்ட் தி ரிவர்’ நன்றாகப் பெயர் வாங்கியது. 1957 டிசம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்’ நிகழ்ச்சியிலும் அதை வாசித்தார்கள். கடைசியில் பேஸும் போனது, அந்த இடத்துக்கு டிராம்போனோடு புரூக்மேயர் வந்தார். 1958 ஜூலையில் நியூபோர்ட் ஜாஸ் விழாவில் இந்த மூவரும் வாசித்ததைப் பெர்ட் ஸ்டெர்ன் தன் ‘ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே’ படத்தின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார். தண்ணீரில் ஆடும் பிம்பங்கள் மேல் ஓடும் அந்த இசையை இந்த மூவர் பெயர் தெரியாமலே ரசித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

‘வெஸ்டர்ன் சூட்’ அந்த விழாவுக்கு ஐந்து மாதம் கழித்து. குழு நன்றாகப் பழகி, ஒருவர் மூச்சு ஒருவருக்குத் தெரிகிற நேரம்.

மற்ற இருவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புரூக்மேயர் 1929-ல் கன்சாஸ் சிட்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே கவுன்ட் பேஸி இசைக்குழுவை நேரில் கேட்டு அதிலேயே ஊறியவர். சாதாரண டிராம்போனில் குழாயை முன்னும் பின்னும் இழுத்து ஸ்வரம் மாற்றுவார்கள். இவருடையதில் டிரம்பெட் மாதிரி வால்வுகள் இருக்கும். அதனால் வேகமான வரிகளையும் தெளிவாகப் பேச முடியும், கூடவே அந்தக் கனத்த, கரகரத்த குரலும் இருக்கும். அவர் வாசிப்பு எனக்கு எப்போதும் ஒரு பெரியவர் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்வதுபோலவே கேட்கிறது. நடுவில் முனகல் வரும், இழுவை வரும், திடீரென்று ஒரு குத்தலும் வரும்.

ஜிம் ஹால் 1930-ல் பஃபலோவில் பிறந்தவர், கிளீவ்லாந்தில் முறையாக இசை படித்தவர், சிகோ ஹாமில்டன் ஐவர் குழுவில் வாசித்துவிட்டு ஜூஃப்ரியிடம் வந்தவர். இந்தப் பதிவின்போது அவருக்கு வயது 28-ஐ ஒட்டி. இந்த ஆல்பத்தில் வேலைப்பளு அதிகம் யாருக்கு என்று கேட்டால் தயங்காமல் ஹாலுக்கு என்பேன். பேஸ் இல்லாததால் கீழ்த்தந்தியில் நடை போட வேண்டும். பியானோ இல்லாததால் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) காட்ட வேண்டும். இரண்டு காற்றுக் கருவிகளோடு சமமாக மூன்றாவது மெட்டு வரியாகவும் ஓட வேண்டும். இதில் மூன்றாவதுதான் ரொம்பக் கஷ்டம். கிட்டாரில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் பிக்கால் (தந்தி மீட்டும் சின்ன வில்லையால்) தட்டினால் அது தனித்தனியாகக் குத்தும், மூச்சில் வரும் வரியோடு ஒட்டாது. அதனால் பிக்கால் தட்டுவதைக் குறைத்து, இடது கை விரல்களாலேயே அடுத்தடுத்த ஸ்வரங்களை எழுப்பி இழைக்கப் பழகினார். ஹாலின் அடையாளமாக எல்லாரும் சொல்லும் அந்த மென்மை இந்தக் குழுவின் தேவையில் பதப்பட்டது.

இன்னொன்று, ஹாலின் ஒலி எப்போதும் சின்னது. ஆம்ப்ளிஃபையரைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, தந்தியின் மரச் சத்தமும் கேட்கும்படி வாசிப்பார். சத்தம் குறைவாக இருப்பதால் நாம்தான் நெருங்கிப் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது.

இனி ஒலியைப் பற்றி. இதைச் சொன்னால் ஆல்பம் ஏன் இப்படி மிதக்கிறது என்று புரியும். டபுள் பேஸின் கீழ்த்தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸ். கிட்டாரின் கீழ்த்தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ், அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே. டிராம்போனின் வழக்கமான அடி ஸ்வரமும் அதே 82-தான். ஆக, நாம் வழக்கமாகக் காலடியில் உணரும் அந்தக் கீழ் ஸ்தாயி முழுக்க இங்கே காலி. மேலே போனால் சிம்பல்களின் உச்ச அதிர்வும் இல்லை. மேலும் கீழும் திறந்து விட்ட நடு இடத்தில் மூன்று குரல்கள் மட்டும். அதனால்தான் மூச்சு இழுக்கும் சத்தம், சாவிகள் மூடித் திறக்கும் சத்தம், ஸ்வரம் தேய்ந்து முடியும் வால் எல்லாமே காதில் விழுகின்றன. ஜூஃப்ரி பாரிடோனைக் கையில் எடுக்கும்போது மட்டும் அவர் கிட்டாருக்கும் கீழே, 70 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்க முடிகிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால் அந்த நேரத்தில் இசையின் எடையே மாறுவது தெரியும். இத்தனைக்கும் குழுவில் ஒருவர்கூடக் கூடவில்லை.

ஜூஃப்ரியின் கிளாரினெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்விங் காலத்துக் கிளாரினெட் என்றால் பென்னி குட்மன் மாதிரி மேல் ஸ்தாயியில் பளபளவென்று பறப்பது. ஜூஃப்ரி இந்த வருடங்களில் பெரும்பாலும் கீழ்ப் பகுதியை விட்டு நகரவே மாட்டார். கிளாரினெட்டின் கீழ்ப் பகுதிக்கு ஒரு உள்ளீடற்ற, மரப்பொந்திலிருந்து வருவது போன்ற ஒலி இருக்கிறது. ஒரு முனை மூடிய நேர்க்குழாயாக அது வேலை செய்வதால் ஒற்றைப்படை ஒத்திசைகளே (அடி ஸ்வரத்தின் 3, 5, 7 மடங்கு அதிர்வுகள்) அதில் ஓங்கி நிற்கின்றன, அதன் விளைவுதான் அந்தப் பொந்து ஒலி. அதையும் மெல்ல ஊதுவார், ஸ்வரத்தைவிட மூச்சு அதிகமாகக் கேட்கும் அளவுக்கு. அவரால் மேலே போக முடியாது என்று அன்றைக்குக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்புதல் இல்லை. சில வருடம் தள்ளி அவர் செய்த பதிவுகளில் அதே கிளாரினெட் கூச்சலிடுகிறது, கிறீச்சிடுகிறது, எகிறுகிறது. 1958-ல் கீழே இருந்தது அவர் எடுத்த முடிவு. ஹாலின் சன்னக் குரலுக்கும் புரூக்மேயரின் கரகரப்புக்கும் நடுவில் இடம் வேண்டுமென்றால் அவர் அங்கேதான் உட்கார வேண்டும்.

சரி, எப்படிக் கேட்பது? எல்பியின் முதல் பக்கம் முழுவதும் நாலு பகுதிகள் கொண்ட அந்த சூட், அதாவது பல பகுதிகளைக் கோத்த ஒரே இசைப்படைப்பு. இரண்டாம் பக்கத்தில் இரண்டே உருப்படிகள், ‘டாப்ஸி’யும் ‘ப்ளூ மாங்க்’கும். நான் சொல்வது இரண்டாம் பக்கத்திலிருந்து, அதிலும் கடைசிப் பாட்டிலிருந்து தொடங்குங்கள் என்று.

‘ப்ளூ மாங்க்’ பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் எழுதிய ப்ளூஸ். அவரே முதலில் 1954-ல் பேஸ், டிரம்ஸோடு பதிவு செய்தார், அந்த டிரம்மர் ஆர்ட் பிளேக்கி. மெட்டு அரை ஸ்வரம் அரை ஸ்வரமாகப் படியேறி வரும், ஒரு தடவை கேட்டால் வாய் முணுமுணுக்கும். வடிவம் 12 பார்கள், ஒவ்வொரு பாருக்கும் நாலு அடி. மெட்டு முடிந்ததும் அதே 12 பார்கள் திரும்பத் திரும்ப வரும், அதன் மேல்தான் எல்லாக் கற்பனையும். அதனால் விரலில் எண்ணிக்கொண்டே கேட்க இதைவிட நல்ல பாட்டு கிடையாது. முதலில் மாங்கின் பதிவைக் கேளுங்கள், உடனே ஜூஃப்ரியின் பதிவைக் கேளுங்கள். பிளேக்கி தட்டிக்கொடுத்த அத்தனையும் இங்கே இல்லை. ஆனால் உங்கள் விரல் தடுமாறாது. ஏன் என்று கவனியுங்கள். ஒருவர் ஸ்வரத்தை எங்கே நிறுத்துகிறார் என்பதில் அடுத்த அடி ஒளிந்திருக்கிறது. ஒரு ஸ்வரத்தின் நீளமும், அது தொடங்கும்போது எவ்வளவு அழுத்தம் என்பதும், முடிந்தபின் விடும் இடைவெளியும் சேர்ந்தே ஸ்விங்கை உண்டாக்கிவிடுகின்றன. சிம்பல் அதை அடிக்கோடு போட்டுக் காட்டும், அவ்வளவுதான்.

வீணையில் தானம் கேட்டுப் பழகியவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் பிடிபடும். அங்கேயும் மிருதங்கம் சும்மா இருக்கிறது, தாளக்கட்டு இல்லை, ஆனாலும் மீட்டலிலேயே ஒரு துடிப்பு ஓடிக்கொண்டே இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால் தானத்தில் ஆவர்த்தனக் கணக்கு கிடையாது. இங்கே 12 பார் கணக்கு கறாராக ஓடுகிறது, எண்ணிச் சொல்வதற்கு ஆள் மட்டும் இல்லை. மூன்று பேரும் தங்களுக்குள்ளேயே எண்ணுகிறார்கள், அதனால் ஒருவர் மற்ற இருவரையும் எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம் ‘டாப்ஸி’. இது எனக்கு ரொம்பப் பிடித்தது. எடி டர்ஹாமும் எட்கர் பேட்டிலும் எழுதி, 1937-ல் பேஸி இசைக்குழு பதிவு செய்த ட்யூன். மைனர் சாயல், ஒரே ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் குட்டி இசைத் துண்டை) சுற்றிச் சுற்றி வரும் கன்சாஸ் சிட்டிப் பாணி. பேஸி குழுவின் உயிர்நாடியே அதன் நாலு பேர் தாளப் பிரிவுதான். அதில் ஃப்ரெடி கிரீன் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கார்ட் என்று சோலோவே எடுக்காமல் கிட்டார் வாசித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட குழுவின் பாட்டை எடுத்துத் தாளப் பிரிவே இல்லாமல் பத்து நிமிடத்துக்கு மேல் வாசிக்கிறார்கள். இதில் இன்னொரு வேடிக்கையான பொருத்தமும் உண்டு. இதே 1958-ல் கோஸி கோல் என்ற டிரம்மர் இதே ட்யூனைப் பெரும்பாலும் டிரம்ஸ் சோலோவாக வாசித்து ‘டாப்ஸி’ இரண்டாம் பாகம் என்று வெளியிட்டார், அது அமெரிக்கப் பாப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. ஊரெல்லாம் ரேடியோவில் டிரம்ஸ் டாப்ஸி ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் டிரம்ஸே இல்லாத டாப்ஸியைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

‘டாப்ஸி’யில் நான் கவனிக்கச் சொல்வது சோலோக்களை அல்ல, சோலோ வாசிக்காதவரை. டிராம்போன் முன்னால் நிற்கும்போது சாக்ஸபோன் என்ன செய்கிறது? சில நேரம் பின்னால் ஒரு குட்டி ரிஃப் போடும், சில நேரம் ஒற்றை நீண்ட ஸ்வரம் பிடிக்கும், சில நேரம் எதுவும் சொல்லாமல் கிட்டாருக்கு வழிவிடும். பேஸி குழுவில் பதிமூன்று பதினாலு பேர் செய்த வேலையின் எலும்புக்கூடு அது. சதை இல்லாததால் மூட்டுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று துல்லியமாகத் தெரிகிறது. புரூக்மேயர் சிறுவனாகக் கேட்டு வளர்ந்த இசை இது என்பதும் நினைவில் இருக்கட்டும். அவர் வாசிப்பில் அந்த மண் வாசனை வேறு எங்கும் இல்லாத அளவுக்கு இங்கே இருக்கிறது.

இரண்டு பாட்டும் காதுக்குப் பழகிய பிறகு முதல் பக்கத்துக்கு வாருங்கள். சூட் மொத்தமே கால் மணி நேரத்துக்குச் சற்று மேல். ‘போனி எக்ஸ்பிரஸ்’, ‘அப்பாச்சீஸ்’, ‘சாட்டர்டே நைட் டான்ஸ்’, ‘பிக் பவ் வவ்’ என்று நாலு பகுதிகள். போனி எக்ஸ்பிரஸ் என்பது 1860-லும் 61-லும் மிசௌரியிலிருந்து கலிஃபோர்னியா வரை குதிரை மாற்றிக் குதிரை மாற்றிக் கடிதம் கொண்டுபோன அஞ்சல் சேவை. தந்தி வந்ததும் ஒன்றரை வருடத்தில் மூடிவிட்டார்கள், ஆனால் அமெரிக்கக் கற்பனையில் அது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பெயர்களைப் பார்த்து சிலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. 1958-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘கன்ஸ்மோக்’, ‘வேகன் டிரெய்ன்’ என்று கௌபாய் தொடர்கள்தான் முதல் இடங்களில். சாக்ஸபோன் கலைஞர் சோனி ராலின்ஸ்கூட முந்தின வருடம் கௌபாய் தொப்பியோடு அட்டைப்படம் போட்டு ‘வே அவுட் வெஸ்ட்’ வெளியிட்டிருந்தார். அந்த அலையில்தான் இந்தப் பெயர்களும் வந்தன. அப்பாச்சி மக்களின் உண்மையான இசைக்கும் இந்த ‘அப்பாச்சீஸ்’ பகுதிக்கும் சம்பந்தம் தேட வேண்டாம். இது ஒரு டெக்சஸ்காரர் மேற்குப் புல்வெளியைப் பற்றி மனதில் வைத்திருந்த படம், அந்த அளவில் நேர்மையானது. பெயர்களை மறந்துவிட்டு வேகங்களாகக் கேட்டால் போதும். ஓட்டம், நிழலான மெது நடை, ஆட்டம், கடைசியில் எல்லாம் கூடிவரும் ஒரு பெருங்கூட்டம்.

சூட்டின் பெரிய சாதனை என்று நான் நினைப்பது, எழுதி வைத்தது எங்கே முடிகிறது, கற்பனை எங்கே தொடங்குகிறது என்று தையல் தெரியாமல் இருப்பது. வழக்கமான ஜாஸ் பாட்டில் முதலில் மெட்டு, பிறகு வரிசையாக சோலோக்கள், கடைசியில் மறுபடி மெட்டு. நீளமான படைப்பு எழுதப் பார்த்த பலரும் அந்தச் சட்டத்துக்கு மேல் மேற்கத்திய செவ்வியல் இசையின் கோட்டையைக் கட்டப் பார்த்து இரண்டும் ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஜூஃப்ரி சின்னச் சின்ன மெட்டுத் துண்டுகளாக எழுதுகிறார், நாட்டார் பாட்டு மாதிரி எளிமையாக. ஒருவர் ஒரு துண்டைச் சொல்ல, அடுத்தவர் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு தன் போக்கில் நீட்ட, மூன்றாமவர் எழுதிய வரியோடு குறுக்கே வருகிறார். மூன்று வரிகள் சமமாகப் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. வெஸ்லி லா வயலட் என்ற ஆசிரியரிடம் அவர் வருடக்கணக்கில் எதிரிசைப் பின்னல் (பல மெட்டு வரிகளை ஒன்றாக ஓடவிடும் கலை) படித்ததன் பலன் இங்கே பழுத்திருக்கிறது, ஆனால் பாடம் ஒப்பிக்கும் வாடை இல்லை.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ‘சாட்டர்டே நைட் டான்ஸ்’ சூடு பிடிக்கும்போதே முடிந்துவிடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது. பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்க நினைப்பவர்களுக்கு இந்த ஆல்பம் முழுவதுமே மெல்லியதாகப் போய்விடும், காற்றில் கரைந்துவிடும். கார் ஓட்டும்போது கேட்கவே கேட்காதீர்கள்.

இவ்வளவு நல்ல ஆல்பம் ஏன் ஒதுங்கிப் போனது என்பதற்கு வருவோம். காரணம் பெரும்பாலும் காலம்தான். 1958 இறுதிக்கும் 1960-க்கும் நடுவில் ஜாஸ் உலகமே புரண்டு படுத்தது. 1959-ல் மட்டும் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’, சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ மூன்றும் வந்தன. 1960 தொடக்கத்தில் ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’. இதில் கோல்மனும் கோல்ட்ரேனும் அதே அட்லாண்டிக் வீட்டுப் பிள்ளைகள். ஒரே நிறுவனத்தின் பட்டியலில் இப்படிப்பட்ட இடிமுழக்கங்களுக்கு நடுவே, ஓராண்டுக்கு மேல் காத்திருந்து வெளியான மூன்று பேரின் முணுமுணுப்பு எப்படிக் காதில் விழும்?

அதற்குள் குழுவும் கலைந்திருந்தது. 1959-ல் ஜூஃப்ரி வெர்வ் நிறுவனத்துக்காகப் பதிவு செய்யத் தொடங்கினார், ஹாலோடு மறுபடி ஒரு பேஸ்காரரைச் சேர்த்துக்கொண்டார். புதிய இசைத்தட்டை ஊர் ஊராகக் கொண்டுபோய் வாசித்துக் காட்ட அந்த மூவர் இல்லை. அவர் மனசும் வேறு இடத்துக்குப் போய்விட்டது. 1959 கோடையில் மாசச்சூசெட்ஸின் லெனாக்ஸ் ஜாஸ் பள்ளியில் அவர் ஆசிரியர், அங்கே மாணவராக வந்தவர்களில் ஆர்னெட் கோல்மனும் ஒருவர். கோல்மனின் கட்டற்ற வாசிப்பு 38 வயது ஆசிரியரை உலுக்கி எடுத்தது. 1961-ல் பியானோவில் பால் பிளே, பேஸில் ஸ்டீவ் ஸ்வாலோ என்று புது மூவர் குழு, அப்போதும் டிரம்ஸ் கிடையாது. ‘ஃபியூஷன்’, ‘தீசிஸ்’, 1962-ல் ‘ஃப்ரீ ஃபால்’ என்று மூன்று ஆல்பங்கள். அந்தக் குழுவும் நிலைக்கவில்லை. நியூயார்க் பிளீக்கர் தெருவில் ஒரு காபிக் கடையில் வாசித்துவிட்டு ஆளுக்கு 35 சென்ட் கிடைத்த இரவோடு கலைந்ததாக ஸ்வாலோ சொல்லியிருக்கிறார். பல வருடம் கழித்து, 1992-ல், இசிஎம் நிறுவனம் அதில் இரண்டு ஆல்பங்களை மறுவெளியீடு செய்தபோது ஜூஃப்ரியைக் கொண்டாடத் தொடங்கினார்கள். கொண்டாடியவர்கள் 1961-ன் ஜூஃப்ரியைத்தான் கொண்டாடினார்கள். நாட்டார் சாயல் கொண்ட 1958 ஜூஃப்ரி அதற்கான முன்னோட்டமாகச் சுருங்கிப்போனார்.

எனக்கு இந்தக் கணக்கு சரியாகப் படவில்லை. தாளம் தனி ஆளின் வேலை இல்லை என்ற விஷயத்தை 1961-ன் குழு கண்டுபிடிக்கவில்லை, கையிலேயே கொண்டுவந்தது. ஹாலிடமும் அது தங்கிவிட்டது. 1962-ல் அவரும் பில் எவன்ஸும் கிட்டார், பியானோ இரண்டே இரண்டு கருவிகளோடு செய்த ‘அண்டர்கரன்ட்’ ஆல்பத்தைக் கேளுங்கள். ஒருவர் மெட்டில் இருக்கும்போது மற்றவர் எதை வாசிக்காமல் விடுகிறார் என்பதில் இந்த மூவர் குழுவின் பயிற்சி அப்படியே தெரியும். ஹாலிடம் பாடம் கேட்ட பில் ஃப்ரிசெல் வழியாக அந்தப் பழக்கம் இன்றைய கிட்டார்காரர்கள் வரைக்கும் வந்திருக்கிறது. 2014-ல் டிரம்பெட் கலைஞர் டேவ் டக்ளஸ் ‘ரிவர்சைட்’ என்ற ஆல்பத்தையே ஜூஃப்ரிக்கு மரியாதையாகச் செய்தார். ஜூஃப்ரி 2008-ல் இறந்தார், புரூக்மேயர் 2011-ல், ஹால் 2013-ல்.

கிடைப்பதில் சிரமம் இல்லை. இணையத்தில் இசை கேட்கும் தளங்களில் தேடினால் வந்துவிடும். 1997-ல் மொசைக் நிறுவனம் ஜூஃப்ரியின் கேபிடல், அட்லாண்டிக் பதிவுகள் அத்தனையையும் ஆறு சிடிகளாகத் தொகுத்து வெளியிட்டது. பழைய கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். தேடும்போது ஒரு எச்சரிக்கை: ‘தி ஜிம்மி ஜூஃப்ரி 3’ என்ற பெயரிலேயே ஒரு ஆல்பம் இருக்கிறது, அது பேஸோடு இருந்த முந்தைய குழுவுடையது. அதுவும் அருமையானதுதான், ஆனால் நான் சொல்வது அது இல்லை.

இது பிடித்துவிட்டால் அடுத்து இதே மூவர் 1958 ஜனவரியில் பதிவு செய்த ‘டிராவ்லின் லைட்’. அதில் பாட்டுகள் சின்னவை, கொஞ்சம் இலகுவானவை. அதற்குப் பிறகு ‘ஃபியூஷன்’. ‘ஃப்ரீ ஃபால்’ மட்டும் கடைசியாக இருக்கட்டும். அதில் ஜூஃப்ரி பல உருப்படிகளில் கிளாரினெட்டோடு தன்னந்தனியாகவே நிற்கிறார், கூட இருந்த மற்ற இருவரையும் கழித்துவிட்டு.